சண்டைக்குப் போன கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கையெழுத்தைப் படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மிஷினில் முப்பது வருஷமாக நிற்கிறேன். பத்து விரல்களும் பத்திரமாகத்தான் இருக்கின்றன, ஆனால் பேனா பிடிக்க ஒன்றும் உதவுவதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்பது எனக்கு இன்றைக்கும் ஒரு உத்தேசம்தான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

தீபாவளி சீசன் முடிந்து போன வாரம் குடோனைச் சுத்தம் செய்தோம். கழிவுக் காகிதக் கட்டுக்குள் இருந்து ஒரு பழைய பட்டாசு லேபிள் விழுந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் ஒரு கோட்டை, இரண்டு யானை, வாளும் வேலுமாக ஒரு பெரிய படை. கீழே ஓரத்தில், போருக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு சப்பாத்திக்கள்ளி. அந்தக் கள்ளி அங்கே முளைத்ததற்குக் காரணம் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீடு திருத்தங்கலில். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் இருந்தார். கடைப் பலகைகளும் லாரி எழுத்துகளும் எழுதுவது அவருக்குத் தொழில். ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி 'கோட்டை வெடி' என்று புதுச் சரக்கு போட்டார். அதற்கு லேபிள் படம் வரைய அச்சகக்காரர்கள் மாமாவைக் கைகாட்டிவிட்டார்கள். படம் முதலாளிக்குப் பிடித்துவிட்டால் மாமாவுக்கு அச்சகத்தில் நிரந்தர ஆர்ட்டிஸ்ட் வேலை. பிடிக்காவிட்டால் மறுபடியும் லாரிக்குப் பின்னால் குத்தவைத்து 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுத வேண்டியதுதான்.

முதலாளி தன் ஆசையை எங்கள் வீட்டு வாசலில் நின்றே சொன்னார்.

"தம்பி, பாத்த ஒடனே பயலுகளுக்கு ஈரக்குலை நடுங்கணும். தலை உருளணும், கை தெறிக்கணும், ரத்தம் ஆறா ஓடணும். அம்புட்டு பயங்கரமா இருந்தாத்தான் வெடியும் நல்லா வெடிக்கும்னு நம்புவான்."

அந்தக் காலத்துச் சண்டைகள் என்றால் மாமாவுக்கு வெல்லம் மாதிரி. வரைந்துகொண்டே சொல்லுவார். வளரி என்று வளைந்த கட்டை ஒன்று, அதை வீசினால் ஓடுகிறவன் கால் முறியும். கோட்டை மேலிருந்து கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவார்கள், எண்ணெய் தீர்ந்தால் வறுத்த மணல். மணல் கவசத்துக்குள்ளே புகுந்துவிடும், உதற முடியாது. யானைத் தும்பிக்கையில் வாளைக் கட்டி விடுவார்கள். பிடிபட்டவனைக் கழுவில் ஏற்றுவார்கள். கழு என்றால் என்ன என்று அவர் விளக்கிய அன்று நான் உட்காரவே யோசித்தேன். சோறு மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டேன்.

படத்துக்கு ஆள் நிற்க அப்பாதான் கிடைத்தார். காட்டு வேலை முடிந்து வந்த மனுஷனைக் கடப்பாரையோடு நிறுத்தினால் அவர் ஈட்டிக்காரர். உலக்கையைக் கொடுத்தால் கதாயுதம். அரிசி புடைக்கும் சுளகு கேடயமானது. செத்தவனாகப் படுக்கச் சொன்னால் அப்பா உடனே தூங்கிவிடுவார். மாமாவும் பார்த்தபடியே வரைந்துவிட்டார்.

முதலாளி பாதிப் படத்தைப் பார்க்க வந்த அன்று குனிந்து குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி இது, செத்தவன் பூராம் ஒருக்களிச்சு, கன்னத்துக்குக் கீழ கைய வச்சுக் கெடக்கான். போர்க்களமா, கல்யாண வீடா?"

"மத்தியானச் சண்டைங்க மொதலாளி," என்றார் அப்பா.

"அது கெடக்கட்டும். கை தெறிக்கணும்னு சொன்னேன்லா? ஒரு பயலுக்கும் கை போகலையே?"

"பாத்துக்கிடலாம் மொதலாளி," என்றார் மாமா.

முதலாளி சொன்ன பிறகுதான் நானும் எண்ணிப் பார்த்தேன். மார்பில் ஈட்டி பாய்ந்தவன், யானை மிதித்தவன், எண்ணெயில் வெந்தவன், எல்லோருக்கும் இரண்டு கை, கைக்கு ஐந்து விரல். தலையில்லாத முண்டம்கூட இரண்டு கையையும் ஒழுங்காக வைத்திருந்தது.

"மாமா, வாள ஓங்கி வெட்டுனா கை விழாதா?"

"விழாது."

"தலை விழும்னீக?"

"தலை விழும். கை விழாது. போய்ப் படிலே."

எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது. மாமாவுக்குக் கை வரைய வரவில்லை, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கூச்சம் எனக்குத் தெரிந்த விஷயம். உதவி செய்யலாம் என்று தீர்மானித்தேன்.

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் வலது கையில் மூன்று விரல்கள்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் இரண்டு சின்ன மொட்டுகள். எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கைதான் சோறு ஊட்டியது, முதுகு தேய்த்தது, அடித்தது. காரணம் கேட்டால் ஒருநாள் எலி தின்றுவிட்டது என்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தைக்கு இரவல் கொடுத்தேன், இன்னும் திருப்பித் தரவில்லை என்பாள். நான் அந்த அத்தையின் விரல்களை ஒருநாள் எண்ணிப் பார்த்து, பத்துதான் இருக்கவே, எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

முடிந்த படத்தைப் பார்க்க முதலாளி வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் மாமா வெளியே போயிருந்தார். அம்மா பாயில் அயர்ந்து கிடந்தாள். வலது கை பாய்க்கு வெளியே, உள்ளங்கை மேலே பார்க்க, தனியாகக் கிடப்பது போலக் கிடந்தது. வெட்டுப்பட்ட கை இப்படித்தான் கிடக்கும் என்று எனக்குத் தோன்றியது. படம் ஒட்டியிருந்த பலகையைப் பக்கத்தில் இழுத்து வைத்து, படத்தின் கீழ் ஓரத்தில் காலியாக இருந்த தரையில், பார்த்துப் பார்த்து வரைந்தேன். இருப்பதைத்தானே வரைய முடியும்? மூன்று விரல், இரண்டு மொட்டு. மணிக்கட்டில் மாமாவின் சிவப்புச் சாயத்தைக் கால் புட்டி செலவழித்தேன். அன்றும் இன்றும் நான் வரைந்த ஒரே படம் அது. நன்றாகவே வந்திருந்தது. மேலே துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

மறுநாள் காலையில் முதலாளி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மாமா அவருக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கக் கடைக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் முதலாளி துணியை விலக்கிவிட்டார். பார்த்தவர், மாமா வாசலுக்கு வரவும் துள்ளினார்.

"அட்றா சக்கை! இந்தா விழுந்து கெடக்குல்லா கை! அதுலயும் ரெண்டு விரலத் தனியா வெட்டிருக்கான் பாருங்க. தம்பி, ஒன்னயப் போயி லாரிக்கு எழுத விட்டுட்டாங்களே!"

கலர் புட்டியோடு வாசலில் நின்ற மாமா படத்தைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார். நான் பாராட்டை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மா புட்டியை வாங்கி டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அந்நியர் வந்தால் வலது கை முந்தானைக்குள் போய்விடும். இடது கையால் கொடுக்கக் கூடாதென்று அன்று அதை வெளியே எடுத்திருந்தாள்.

"பாருங்க தாயி, தத்ரூபம்!" என்று முதலாளி படத்தை அவள் பக்கம் திருப்பினார்.

அம்மா பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ஏலே, எங் கைய எதுக்குலே சண்டைக்கு அனுப்புன? நாளைக்கு ஒனக்குச் சோறு யாரு பிசைவா?"

முதலாளியும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கினார். வாங்கும்போதுதான் அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். குடித்த கலர் மூக்கில் ஏறிவிட்டது. அவர் இருமி முடிக்க வெகுநேரமானது. அப்பா முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மாமா பச்சைச் சாயத்தில் தூரிகையை நனைத்தார்.

"தம்பி, அது... அதுபாட்டுக்கு இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது.

"இருக்காது மொதலாளி."

"தொட்டீகன்னா ஆர்டர் கெடையாது. சொல்லிட்டேன்."

மாமா தொட்டார். உள்ளங்கை பச்சையானது. மூன்று விரலும் மூன்று மடலாயின. சுற்றிலும் முள் வைத்தார். என் ரத்தத்தை அவரால் முழுக்க மறைக்க முடியவில்லை, சிவப்பு அங்கங்கே எட்டிப் பார்த்தது. அதைக் கள்ளிப் பழமாக உருட்டிவிட்டார். முதலாளி மீதிக் கலரைக் குடிக்காமல் எழுந்து காருக்குப் போனார்.

மறுநாளே மாமா லாரிக்கு எழுதப் போய்விட்டார். நாலாம் நாள் அச்சகத்திலிருந்து ஆள் வந்தது. சீசன் தலைக்கு மேலே நிற்கிறது, வேறு படம் வரைய நேரமில்லை, அந்தக் கள்ளியோடேயே அடிக்கச் சொல்லிவிட்டார் முதலாளி என்று சேதி. அந்தத் தீபாவளிக்குப் பையன்கள் கடையில் கோட்டை வெடி என்று கேட்கவில்லை. கள்ளிப்பழ வெடி என்றுதான் கேட்டார்கள். பயந்தவன் ஒருவனையும் நான் பார்க்கவில்லை.

மாமாவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ஆனால் சண்டைப் படம் இனி வேண்டாம் என்று சொல்லி சாமி காலண்டர் பக்கம் போய்விட்டார். கண் மங்கும்வரை வரைந்தார். நாலு கைச் சாமி, எட்டுக் கைச் சாமி, பதினெட்டுக் கை அம்மன். எந்தக் கையிலும் ஒரு விரல் குறைந்தது கிடையாது.

எனக்கு மீசை வந்த பிறகுதான் அப்பா சொன்னார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மா பதினாலு வயதில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் திரி நறுக்கிக்கொண்டிருந்த மாமாவுக்கு எட்டு வயது. வெடித்ததும் எல்லோரும் ஓடிவிட, மாமா மட்டும் மண்ணில் தேடி, இரண்டையும் எடுத்து, துண்டில் சுற்றி ஆஸ்பத்திரிவரைக்கும் கொண்டுபோனாராம். ஒட்டிவிடுவார்கள் என்று நினைத்து.

முதலாளி கார் ஏறிப் போன அன்று சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று பயந்துகொண்டே போனேன். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ணத் தொடங்கினார். எனக்குக் கணக்கு வருகிறதா என்று சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வருவதற்குள்ளேயே, "பத்து, மாமா!" என்று கத்திவிட்டேன்.

அவர் நிறுத்தாமல் எண்ணினார்.

18-11-1997, செவ்வாய்க்கிழமை.