பதினோராவது கட்டம்

முப்பத்துநான்கு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் விண்ணப்பம் சரிபார்த்தவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கட்டம் மேடம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சரி, கட்டத்தைத் தாண்டி ஓர் எழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி, எப்பேர்ப்பட்ட ஆளின் விண்ணப்பமும் வந்த வழியே திரும்பிவிடும். சொந்தத் தம்பியின் விண்ணப்பத்தையே மூன்று தடவை திருப்பி அனுப்பியவர். அவன் நாலு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நிரப்ப ஒண்ணுமில்லன்னா பொருந்தாதுன்னு எழுதுடா, சும்மா விடாதே" என்பதுதான் அக்கா சொன்ன சமாதானம்.

துணைவர் பெயர் கேட்கும் இடத்தில் அந்தப் 'பொருந்தாது'வைத் தானும் அழுத்தி எழுதி எழுதியே ஓய்வு பெற்றார். ஏன் கல்யாணம் கூடிவரவில்லை என்று கேட்டால், வந்த வரன்களில் எல்லாம் ஏதோ ஒரு கட்டம் காலி என்பார். என்ன கொழுப்பு பாருங்கள்.

இவரிடம் வந்து மாட்டினார் பூட்டு ரிப்பேர்காரர். மனைவியை இழந்தவர். அலுவலக பீரோ மக்கர் பண்ணும்போதெல்லாம் எண்ணெய்க் குப்பியோடு வருவார். போன வருஷம் ஒரு பீரோவைத் திறந்துவிட்டுச் சாவியை நீட்டிக்கொண்டே, "மேடம், நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மேடம்.

மனுஷர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் பாட்டுக்கு வந்தார், பூட்டைத் திறந்தார், போனார். அதுதான் மேடத்தைப் பாடாய்ப் படுத்தியது.

இப்போது ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் திட்டம் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியாள் திட்டம், தம்பதி திட்டம் என்று இரண்டு. ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் ஆயுசுக்கும் மாற்ற முடியாது. மேடம் ஒரு மாதமாகக் கையேட்டைக் கரைத்துக் குடித்திருந்தார். அறை வாடகைக்கு உச்சவரம்பு எவ்வளவு, கண்புரைக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், பல்லுக்கு உண்டா இல்லையா, எல்லாம் மனப்பாடம். தம்பதி திட்டத்துப் பக்கம் மட்டும் ஏன் அப்படிக் கசங்கிக் கிடந்தது என்று யாரும் கேட்காதது நல்லதாய்ப் போயிற்று. கடைசி நாள்வரை இழுத்தடித்து, பஸ்ஸும் கிடைக்காமல், பூட்டுக்காரரின் ஸ்கூட்டரிலேயே பழைய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். பூட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கவுண்டரில் இருந்தவள் மேடத்திடமே வேலை கற்ற பெண். விண்ணப்பத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"மேடம், பதினோராவது கட்டம் காலியா இருக்கு. துணைவர் பெயர்."

"பொருந்தாதுன்னு நீயே எழுதிக்கோயேன்மா."

"நான் எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. தனியாளா தம்பதியான்னும் டிக் பண்ணல. நாலு மணிக்கு மூடிடுவேன் மேடம்."

மணி மூன்று ஐம்பது. மேடம் பேனாவை எடுத்தார். கை ஓடவில்லை. அந்த ஒரு வார்த்தையை எழுதினால் அந்த மனுஷருக்கு ஆயுசுக்கும் கதவைச் சாத்தியதாகிவிடும். தனக்கும்தான். அறுபது வயசில் இது என்ன கூத்து என்று தன்னையே கோபித்துக்கொண்டார். கோபம் வராமல் சிரிப்பு வந்து தொலைத்தது.

"கல்யாணம் இனிமேதான்னா?"

"முப்பது நாளுக்குள்ள சான்றிதழ் கொடுத்தா போதும். யாருக்கு மேடம்?"

அது கையேட்டில் இருபத்திரண்டாம் பக்கம் என்பது மேடத்துக்கா தெரியாது? யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். விண்ணப்பத்தோடு பெஞ்சுக்கு ஓடினார்.

"உங்க முழுப் பெயர் என்ன?"

"எதுக்கு மேடம்?"

"ஒரு கட்டம் காலியா இருக்கு."

பூட்டுக்காரர் காகிதத்தை எட்டிப் பார்த்தார். தம்பதி திட்டம் என்ற இடத்தில் டிக் இருந்தது. மடியிலிருந்த சாவிக்கொத்து நழுவி விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. பெயரைச் சொன்னார், பிறந்த தேதியைச் சொன்னார்.

"ஏற்கெனவே உடம்புக்கு ஏதாவது உண்டா?"

"சர்க்கரை இருக்கு. படி ஏறினா முழங்கால் வலிக்கும். அப்புறம், குறட்டை விடுவேன்."

"குறட்டைக்குக் கட்டம் இல்ல."

"இல்லன்னாலும் சொல்லிடணும்ல மேடம். நாளைக்கு மறைச்சுட்டேன்னு ஆயிடக் கூடாது."

மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. மணி மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கவுண்டருக்குத் திரும்பி ஓடினார். அந்தப் பெண் விண்ணப்பத்தைப் படித்தாள், பெஞ்சைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். ஆனா கட்டத்துக்கு வெளியே ஏதோ எழுதியிருக்கீங்களே."

பதினோராவது கட்டத்தை ஒட்டி, ஓரத்தில், கோணல் மாணலாக இருந்தது: குறட்டை உண்டு. சம்மதம்.

"இருக்கட்டும்மா" என்றார் கட்டம் மேடம். "நீ சீல் போடு."