ஆடி ஞாயிறும் திருவள்ளூர் ஆஸ்பத்திரியும்

திருவள்ளூருக்கு நோயாளியை அழைத்துப் போன அனுபவம் உண்டா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது எழுபதுகளில், ஓர் ஆடி ஞாயிறு. பெரியபாளையத்தில் ஆசிரியராக இருந்தேன். காலையில் பக்கத்து வீட்டு ஏழுமலை ஓடிவந்தார்.

"வாத்தியாரே, கன்னிம்மா மருந்து குடிச்சிட்டா!"

பொல்லாத சொல் அது. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து. அவர் மனைவி கன்னியம்மா, இருமல் மருந்து என்று நினைத்து மூட்டைப்பூச்சி மருந்தை ஒரு மடக்கு விழுங்கியிருந்தார். மாடத்தில் இரண்டும் ஒரே மாதிரி பாட்டிலில் இருந்தனவாம். அவர் குடித்த பாட்டிலை இறுக மூடித் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் இரவு தங்கியவர்கள் திரும்பும் நேரம் என்பதால் பஸ் முழுக்க மொட்டைத் தலைகள், வேப்பிலை வாசனை. கன்னியம்மா ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தபடியே வந்தார். கண்டக்டர் நல்லவர். "நடுவுல எங்கியும் நிக்காது, இப்பவே சொல்லிட்டேன்!" என்று கத்திவிட்டு விசில் அடித்தார். ஆனால் பின்சீட்டுக்காரர் ஒருவர் ஏழுமலையின் காதைக் கடித்தார்.

"மருந்து கேசுன்னா போலீசு வரும் நைனா. புருசனத்தான் மொதல்ல புடிப்பான். வாயத் தொறக்காத."

ஏழுமலை தலையாட்டினார்.

ஆஸ்பத்திரியில் முன்பக்கம் சீட்டு கொடுக்கும் இடம், அடுத்து ஊசி அறை, கட்டுப் போடும் அறை, பின்னால் பிரசவ வார்டு. ஞாயிறு என்பதால் புறநோயாளிப் பிரிவு பூட்டியிருந்தது. அவசரத்துக்கு ஒரு டாக்டர், ஒரு நர்சம்மா.

"இன்னாய்யா ஆச்சு?" என்றார் நர்சம்மா.

"இருமல் மருந்து குடிச்சா... ஒத்துக்கல," என்றார் ஏழுமலை.

"பெஞ்சுல ஒக்காருங்க. டாக்டர் பிரசவம் பாத்துகினு கீறாரு."

கன்னியம்மாவுக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. பாட்டிலை எடுத்து நீட்டினேன். "மூட்டைப்பூச்சி மருந்தும்மா." முகர்ந்தவர் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

"மாட்டி உட்டுட்டியே வாத்தியாரே!" ஏழுமலை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குழாய் விட்டு வயிற்றைக் கழுவும் சத்தம் வராந்தா வரை கேட்டது. மறுநாள் போலீஸ்காரர் வரத்தான் செய்தார். வீட்டில் சண்டையா என்று கேட்டார்.

"சண்டன்னா இவருக்கில்ல ஊத்திக் குடுத்திருப்பேன் சாமி!" என்றார் கன்னியம்மா, படுத்தபடியே. போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போனார்.

இப்போது கட்டடங்கள் மாறியிருக்கும். ஆனாலும் சொல்கிறேன். குடித்தது எதுவோ, அந்தப் பாட்டிலையே எடுத்துப் போங்கள். வெறுமனே 'மருந்து' என்று சொல்லாதீர்கள். போலீசுக்குப் பயந்து எதையும் மறைக்காதீர்கள்.

அந்த நாளில் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். வீடு திரும்பும் நாள், ஏழுமலை எதிர்க் கடையில் ஒரு காலி பாட்டில் கேட்டு வாங்கி, கழுவி, இருமல் மருந்து பிடித்து வந்தார். கன்னியம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு புருஷனிடமே நீட்டினார்.

"மொதல்ல நீ ஒரு மடக்கு குடி."

ஏழுமலை என்னைப் பார்த்தார். குடித்தார்.