சேகரைத் தேடிய மனோகரன் சார்

ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது மனோகரன் சாரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சொல்லுங்க சார்" என்றேன். பேசியது அவர் இல்லை. சேலையூரில் அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர்.

"மேடம், காலைல பால் பாக்கெட்டு வெளியவே கெடந்துச்சு. கதவத் தட்டினோம், தொறக்கல. தூக்கத்துலயே போயிட்டாரு மேடம். அவரு அடிக்கடி பேசின நம்பர் உங்களுதுதான். சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

கோவளத்துக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா மகன் இருப்பதைச் சொன்னேன். அடுத்து யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. திருமுடிவாக்கத்தில் நாம் எல்லோரும் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். பலருடைய எண்கள் மாறிவிட்டன. அன்று அவரைத் தூக்கிச் செல்ல வந்தவர்களில் நம் ஆட்கள் யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிராயிங் பிரிவில் ஜன்னலோர மேஜையில் இருந்தவர் என்றால் உங்களுக்கு நினைவு வரும். மீனவக் குடும்பத்திலிருந்து படித்து வேலைக்கு வந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கென்று இருந்தது தம்பி சேகர்தான். கடற்கரையில் மீன் ஏலம் விடுகிற தம்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயரும். "அவன் தொண்டையத் தெறந்தா அடுத்த ஊருக்குக் கேக்கும்மா" என்பார். அந்தச் சேகர் ஒரு காய்ச்சலில் திடீரென்று போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது ரேஷன் கார்டுக்காக எடுத்த புகைப்படம் மட்டும். அதில் அவர் யாரோ மாதிரி இருந்தார்.

சில மாதங்கள் கழித்து, மதிய சாப்பாட்டு நேரத்தில் சார் தன் போனை என் முன்னால் நீட்டினார். கடற்கரைக்குச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு பையன் எடுத்து இணையத்தில் போட்டிருந்த வீடியோ. மீன் கூடைகளுக்கு நடுவில் லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் உரக்கக் கத்தி ஏலம் விடுகிறார். கேமராவைப் பார்த்ததும் சிரிக்கிறார். "இன்னா தலைவா, வீடியோவா? நல்லா எடு. எங்கண்ணன் ஆபீஸ்ல கீறாரு, பாப்பாரு."

அதன் பிறகு தினமும் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் சார் அதை ஒருமுறை பார்த்துவிடுவார். ஒருநாள் போனை வைத்துக்கொண்டு வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார். "நெட்டு போயிடுச்சா பாரும்மா" என்றார். என் போனில் தேடினேன். அந்த வீடியோ நீக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் டிபன் பாக்ஸை மூடி, பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

எடுத்தவனை எப்படியோ கண்டுபிடித்து எழுதிக் கேட்டார். மரியாதையாகத்தான் பதில் வந்தது. சேனலை மூடிவிட்டானாம், பழைய போனும் தொலைந்துவிட்டதாம், ஸாரி அங்கிள் என்று முடித்திருந்தான். "அவன் மேல தப்பு இல்லம்மா. அவனுக்கு அது யாரோ ஒரு மீன்காரன்" என்றார் சார்.

அதற்குப் பிறகுதான் அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். இணையத்து வீடியோக்களை எப்படி இறக்கிச் சேமிப்பது, எப்படி டிவிடியில் எழுதுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். விடுமுறை நாள் முழுவதும் அந்தக் கடற்கரையில் யார் எடுத்த வீடியோ கிடைத்தாலும் இறக்கி, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். கல்யாண ஜோடிகள் எடுத்தது, சாப்பாட்டு சேனல்கள் எடுத்தது, காலேஜ் பிள்ளைகள் எடுத்தது, எல்லாவற்றையும். "போதும் சார், கண்ணு கெட்டுடும்" என்று நான் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "அவன் தெனமும் அங்கதானம்மா நின்னான்? யாரோ ஒருத்தர் எடுத்திருப்பாங்க. எங்கயோ ஓரமா நின்னிருப்பான்."

அவர் வீட்டில் வேலை செய்த கன்னியம்மாவை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். ஆற்றோரத்துக் குடிசைகளை அகற்றியபோது பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவள். அங்கு போன மறுவருஷம் கணவர் இறந்துவிட்டார். குடிசைகளை இடித்த அன்று கணவர் டிவியில் வந்ததாக அவள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். சார் அதைப் பிடித்துக்கொண்டார். வாரக்கணக்கில் தேடி, ஏதோ ஒரு செய்தி சேனலின் பழைய பதிவில் கண்டெடுத்தார். அவர் அதைப் போட்டுக் காட்டியபோது நானும் அங்கே இருந்தேன்.

"அய்ய, அதோ நிக்கிறாரு பாரு!" என்று கன்னியம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "ஆபீசரப் பாத்து இன்னா கத்து கத்துறாரு பாரேன்!" சிரித்தாள். பிறகு திரையில் விரலை வைத்தாள். "இது எங்க வூடு சார். நீலத் தார்ப்பாய் போட்டுக்கீதே, இதான்." பொக்லைன் உள்ளே வந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

சார் நிறுத்தப் போனார். "வோணாம் சார், ஓடட்டும். இன்னொரு தபா போடு."

அதை டிவிடியில் எழுதி, தன்னிடமிருந்த பழைய பிளேயரையும் அவளிடமே கொடுத்துவிட்டார். கொடுப்பதற்கு முன் முழுவதும் ஓட்டிப் பார்த்தார். அது அவர் வழக்கம். "எழுதிட்டா மட்டும் போதாதும்மா, ஓடுதான்னு பாக்கணும்" என்பார். அடுத்த முறை பார்த்தபோது கன்னியம்மா என்னிடம் சொன்னாள்: "சோறு ஆக்கும்போது போட்டு வுட்ருவேன்கா. அவரு கத்திகினே இருப்பாரு. வூட்ல அந்தச் சத்தம் கேட்டுகினு இருந்தா நல்லா கீது."

அவள் சொல்லித்தான் மற்றவர்களும் வந்தார்கள். பள்ளி ஆண்டு விழா வீடியோவில் ஆடிய மகளைத் தேடி ஒருவர், தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நின்ற அப்பாவைத் தேடி ஒருவர். எல்லோருக்கும் தேடினார். பலருக்குக் கிடைத்தது. அவர்கள் டிவிடித் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போன பிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கடற்கரையைத் திறப்பார். சேகர் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவோம். "இந்த வாரம் பாத்தீங்களா சார்?" என்று கேட்பேன். "பாத்தேம்மா. இல்ல" என்பார். அதற்கு மேல் நான் கேட்பதில்லை. சாப்பாடு, கால்வலி என்று பேச்சு போகும். இரண்டு பேருக்குமே அந்த வாரத்தில் வேறு யாரோடும் பேச்சு இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அறையைக் காலி செய்ய அக்கா மகன் வந்த அன்று நானும் போயிருந்தேன். செருப்பு டப்பாக்கள் நிறைய டிவிடிகள். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் அவருடைய டிராயிங் எழுத்து: எந்த இடம், யார் எடுத்தது, கடைசியில் 'சேகர் இல்லை'. "இத வச்சுகினு இன்னா பண்றது அக்கா? பழைய இரும்புக் கடையிலகூட எடுக்க மாட்டான்" என்றான் அவன். அவனையும் குறை சொல்ல முடியாது.

ஒருமுறை நானே சாரிடம் கேட்டிருக்கிறேன், தம்பி இல்லாத வீடியோவை எதற்காக எழுதி வைக்கிறீர்கள் என்று. அவர் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். திரையில் ஒரு கிழவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "இவர யாராச்சும் தேடிகினு இருந்தா?" என்றார். அவர் வாயில் ஊர்ப் பேச்சு வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டப்பாக்களை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இவைதான். தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்து வருகிறேன். நேற்றுப் போட்டதில், மீன் அரிகிற ஒரு பெண் கேமராவைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். யாரென்று தெரியவில்லை. அந்தக் கரையில் இருந்த யாரையாவது நீங்கள் தேடிக்கொண்டிருந்தால் வாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். போட்டுக் காட்டுகிறேன்.