பெட்ஷீட் மட்டும் இருந்த பை

கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் நடப்பார், நான் பத்தடி பின்னால் ஓடுவேன். எங்கள் நகரிப் பக்கத்து ஆண்கள் பெண்டாட்டியோடு கோயிலுக்குப் புறப்பட்டாலும் தனியாகப் போகிற மாதிரிதான் போவார்கள். சந்தையா, சொந்தக்காரர் வீட்டு விசேஷமா, எங்கே போனாலும் அவர் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இருபத்தாறு வருஷம். எரிச்சல் வரும். வாய் திறந்து சொன்னதில்லை.

போன ஆடியில் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. புத்தூரிலிருந்து விடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். பொங்கல் கழிந்து வேலைக்கு வரலாம், இல்லையென்றால் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். போகலாம் என்றார் டாக்டர். நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து மாதமாக அவரை ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை. மாடியில் துணி எடுக்கப் போனால்கூடப் பின்னாலேயே போய் நிற்பேன்.

ஹைதராபாத்தில் இருக்கும் எங்கள் மகள் இந்தக் கூத்தையெல்லாம் போனில் கேட்டுச் சலித்துப்போனாள். தலகோனா காட்டுக்குள் ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்க எங்கள் இருவர் பேரிலும் இடம் பிடித்துவிட்டாள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் மலையேற வேண்டுமாம். கூடவே கூடாது என்று நான் குதித்தேன். அவர் சத்தமில்லாமல் போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தார்.

"மல ஏறிட்டன்னா வேலைக்குப் போறேன். முடியலன்னா எழுதிக் குடுத்துட்டு உன் கூடவே உக்காந்துக்கிறேன். சரியா?"

சரி என்றேன். அவரால் ஏற முடியக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

பைகளைக் கட்டியது நான். புளிசாதம், சப்பாத்தி, தண்ணீர் பாட்டில்கள், கம்பளி, மாத்திரை எல்லாம் என் பையில். அவர் பையில் ஒரு பெட்ஷீட். ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

மார்கழி மாதம். பத்து மணி ஆகியும் மரங்களுக்கு நடுவே பனி கலையவில்லை. எங்களோடு காலேஜ் பிள்ளைகள் ஆறு பேர், ஒரு வழிகாட்டி. கூட வந்தவரை விட்டுவிட்டு யாரும் முன்னால் போகக்கூடாது என்று வழிகாட்டி தெலுங்கில் சொன்னார். நாள் முழுக்கத் தெலுங்கிலேயே வேலை வாங்குகிற என் வீட்டுக்காரருக்கு அது மட்டும் புரியவில்லை. வழக்கம்போல என்னைப் பின்னால் விட்டுவிட்டு நடந்தார்.

ஏற்றம் ஆரம்பித்ததும் பிள்ளைகளும் வழிகாட்டியும் மேலே போய்விட்டார்கள், அவர் நடை குறைந்தது. ஓரமாக நின்று எனக்கு வழிவிட்டார்.

"நீ போய்க்கினே இரு. நான் மெதுவா வரேன்."

போனேன். என் கால்களுக்குத் தெரிந்தது அவரைப் பிடிக்க ஓடுகிற நடை ஒன்றுதான். முன்னால் அவர் இல்லாதபோதும் அவை அப்படியே நடந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் 'திரும்பிடலாம்' என்பார், பொங்கலோடு இந்தப் பயமெல்லாம் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஏறினேன்.

ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தேன். பாதை காலியாக இருந்தது.

"ஏங்க!"

பதில் இல்லை. அப்போதுதான் உறைத்தது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை என் பையில். தண்ணீரும் என் பையில். அவரிடம் ஒரு பெட்ஷீட்தான் இருக்கிறது. வந்த வழியே ஓடினேன். நான் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டதோ?

ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் தெளிவாகத்தான் இருந்தது.

"தண்ணி குடு மே. எல்லாத்தையும் நீயே தூக்கினு ஓடிட்ட. கத்தலாம்னா நாக்கு ஒட்டிக்கிச்சி."

குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அழுகை வந்துவிட்டது.

"நீங்க ஏறக்கூடாதுன்னுதான் வேண்டிக்கினு வந்தேன்."

"தெரியும்" என்றார். "மல ஏறப்போறவனுக்கு யாராச்சும் பெட்ஷீட்ட மட்டும் வெச்சி குடுப்பாங்களா? அப்பவே தெரியும்."

கோபமே இல்லாமல் அவர் சொன்னதுதான் சுட்டது. பையைத் திறந்து பாதித் தண்ணீரை, மாத்திரையை, புளிசாதத்தை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டார். அங்கிருந்து அவர் முன்னால் நடந்தார். நாலு அடிக்கு ஒருமுறை நின்றோம். வழிகாட்டி எங்களைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தபோது, "வஸ்துன்னாம், வஸ்துன்னாம்" என்று என் வீட்டுக்காரர் தெலுங்கில் உற்சாகமாகக் குரல் கொடுத்தார், வந்துகொண்டே இருக்கிறோமாம். பொழுது சாயும் முன் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். குளிரில் புளிசாதம் கல்லாக இறுகியிருந்தது. நான் சுமந்துவந்த சப்பாத்தியை விட்டுவிட்டு, தான் சுமந்துவந்த புளிசாதத்தைத்தான் துன்னுவேன் என்று பிடிவாதமாகச் சாப்பிட்டார்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை இருட்டோடு எழுந்து சமைத்தேன். மூன்றடுக்கு கேரியர், தண்ணீர், மாத்திரை, ஸ்வெட்டர். அவர் பையிலேயே எல்லாவற்றையும் வைத்து, ஜிப்பை இழுத்து அவர் கையில் கொடுத்தேன். தோள் ஒரு பக்கம் இறங்கியது.

"கனமா இருக்குதா?"

"இருக்குது" என்று சிரித்தார்.

பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே போனேன். தெருமுனையில் அவர் நின்று, நான் வரும்வரை காத்திருந்தார். பஸ் போன பிறகு வெறுங்கையோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.