கூழாங்கல்லின் இடது பக்கம்

அடிபட்ட கார்களைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவது அவருடைய உத்தியோகம். காப்பீட்டு நிறுவனத்தின் அடையாள அட்டையில் என்ன பெயர் இருந்தாலும், பட்டறைகளில் அவருக்குக் காந்தம் என்றுதான் பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார். கார் கதவின் மேல் அதை மெல்ல நகர்த்திக்கொண்டே போவார். இரும்பு இருக்கிற இடத்தில் அது கவ்விக்கொள்ளும். நசுங்கின இடத்தில் கனமாகப் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் வழுக்கிக் கீழே விழும். அதைக் குனிந்து எடுக்கும்போது அவர் வாயே திறக்க மாட்டார். “வாங்கும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு” என்று காரின் சொந்தக்காரர்தான் ஆரம்பிப்பார்.

அடுத்தவன் பூசி மறைத்ததைக் கண்டுபிடித்தே காலம் தள்ளியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தானே பூச உட்கார்ந்ததுதான் வேடிக்கை. காரின் மேல் அல்ல, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல்.

அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் தங்கையின் கணவர். நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடையில் விற்கிற கறுப்புத் தகரப் பெட்டியை வெட்டி வளைத்து, தன் இஷ்டப்படி ஒரு உருவம் கொடுத்து, அதற்குள் கம்ப்யூட்டரைக் குடிவைக்கிற ஆசை சிலருக்கு உண்டு. தானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று மாப்பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார், குடிப்பழக்கத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

“வெட்ட வருது மச்சான், வளைக்க வருது. பட்டிதான் வர மாட்டேங்குது. காஞ்சதும் மேடும் பள்ளமுமா நிக்குது.”

“இதுக்கா கவலைப்படுறீங்க? நான் பாக்காத பட்டியா? கொண்டாங்க, சொல்லித் தரேன்.”

சாப்பாட்டில் குறை சொல்லத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சமைக்கத் தெரியும் என்றால் வீடுகளில் அடுப்புக்கு அடிதடி நடக்கும். இது காந்தத்துக்குத் தோன்றவில்லை. ஆனாலும் பிடிவாதக்காரர், கற்றுக்கொண்டார். எபாக்ஸி என்கிற ஒட்டுக்களியின் இரண்டு நிற உருண்டைகளையும் சரிபாதி கிள்ளி, ஒரே நிறமாகும்வரை பிசைந்து, மூலைகளில் அப்பி உருவம் பிடிப்பது. அது இறுகியபின், பட்டியில் அதை இறுக வைக்கிற சிவப்புப் பசையைத் துளி சேர்த்துக் குழைத்து, தகட்டுக் கரண்டியால் மேலே இழுப்பது. பிறகு உப்புத்தாளால் தேய்ப்பது. மறுபடி பூசுவது, மறுபடி தேய்ப்பது. பால்கனியில் நடந்த இந்த வேலையின் தூசி, கதவிடுக்கு வழியாக வந்து வீடு முழுக்கப் படிந்தது.

“மாவு மில்லு மாதிரி இருக்கு வீடு. மில்லுல இருந்தாவது மாவை வீட்டுக்குக் கொண்டுவரலாம்,” என்றாள் அவர் மனைவி.

இரண்டு சின்னப் பெட்டிகள் செய்து கை பழகியபின் பெரிதாக ஒன்று செய்யலாம் என்று முடிவானது. ஆற்றில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி, மூலையோ மூட்டோ தெரியாமல், பளபளவென்று கறுப்பாக. எளிய உருவம்தானே என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். டிராகன் செய்தால் ஒரு செதில் கோணலானாலும் யாருக்கும் தெரியாது. வழவழப்பான கல்லில் ஒரு நூல் பள்ளம் இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அதனாலேயே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வலது பக்கம் மச்சானுக்கு, இடது பக்கம் மாப்பிள்ளைக்கு என்று நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். ஞாயிறுகளில் பால்கனியில் வேலை நடக்கும். சாரல் அடிக்கிற பால்கனி என்பதால் மற்ற நாட்களில் கல் மாப்பிள்ளையின் கடைக்குப் போய்விடும்.

மாப்பிள்ளைக்குப் பொறுமை போதாது. பட்டி சீக்கிரம் இறுக வேண்டுமென்று சிவப்புப் பசையைத் தாராளமாகச் சேர்ப்பார். அவர் குழைத்தது அடர்ந்த ரோஜா நிறத்தில் இருக்கும்.

“என்ன மாப்பிள்ளை, பட்டி குழைக்கிறீங்களா, பொம்பளைப் புள்ளைக்குக் கவுன் தைக்கிறீங்களா?”

“உங்களுது மட்டும் என்ன மச்சான், தண்ணி ஊத்துன மோர் மாதிரி இருக்கு. அது காயுறதுக்குள்ள நமக்குப் பேரப்புள்ளைங்க பொறந்துரும்.”

இப்படியே ஒரு வருஷம் போனது. வேறு யாரிடமும் காந்தம் இவ்வளவு பேசியதில்லை. பேசினால் மதிப்பீட்டில் இரக்கம் வந்துவிடும் என்று வாயைக் கட்டியே பழகியவர். ஞாயிறு காலை மாப்பிள்ளையின் வண்டிச் சத்தம் கேட்டதும், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அவசரமே இல்லாதவர்போல மெதுவாக எழுந்திருப்பார். அவர் மனைவிக்கு மட்டும் அந்த மெதுவின் அர்த்தம் தெரியும்.

கல் முடிந்து, பெயிண்ட் அடித்து, கடை முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “உள்ள கம்ப்யூட்டர் இருக்கா? நெசமாவா?” என்று கடைக்குள் வந்து தட்டிப் பார்த்தார்கள். மச்சானும் மாப்பிள்ளையும், பெண் பார்க்க வந்தவர்கள் முன் பெற்றோர் நிற்பதுபோல, அடக்கமாக ஓரமாக நின்றார்கள்.

சில மாதம் கழித்து இடது பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. முகப்பில் அந்தப் பக்கம்தான் வெயில் விழும், உள்ளே கம்ப்யூட்டரின் சூடு. கோடு வளர்ந்து வெடிப்பானது.

ஒரு சனிக்கிழமை காந்தம் கடைக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளையின் அப்பா அங்கே இருந்தார். பெரிய நிறுவனத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வேலையை விட்டதிலிருந்து கடை வாசலை மிதிக்காதவர், முதன்முறையாக அன்று வந்திருந்தார். மகன் அவருக்குக் கல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, “இந்தக் கோடு என்ன, டிசைனா?” என்று கேட்டார்.

காந்தத்தின் கை, இருபது வருஷப் பழக்கத்தில், தானாகச் சட்டைப் பைக்குள் போனது.

“டிசைன் இல்ல மாமா, இங்க பாருங்க.” இடது பக்கத்தில் காந்தத்தை வைத்து நகர்த்தினார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. “பட்டி ரொம்பக் கனம். இவ்வளவு கனமா வெச்சா வெடிக்காம என்ன செய்யும்? இது மாப்பிள்ளை செஞ்ச பக்கம். எம் பக்கம் பாருங்க, கண்ணாடி கணக்கா இருக்கு.”

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சின்ன வயசுலேர்ந்தே இவன் அப்படித்தான். எல்லாமே அரைகுறை.”

மடிக்கணினிக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் சிரித்தார். மாப்பிள்ளை குனிந்து, மேஜைக்கு அடியில் உருண்டு போயிருந்த காந்தத்தை எடுத்து, சட்டையில் துடைத்து நீட்டினார். “இந்தாங்க மச்சான்.”

வீட்டில் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மனைவி கையிலிருந்த வேலையை நிறுத்தினாள்.

“அவங்க அப்பா முன்னாடியா சொன்னீங்க?”

“இருக்கறதத்தானே சொன்னேன்?”

“இருக்கறதைச் சொல்லத்தான் உங்களுக்கு ஆபீஸ் இருக்கே. அங்க சொன்னது பத்தலையா?”

அந்த ஞாயிறு வண்டிச் சத்தம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. தங்கை மட்டும் வந்து போனாள். அவருக்குக் கடையில் வேலை அதிகம் என்றாள். பிறகு ஒரு நாள் கல் திரும்பி வந்தது. கடையில் இடம் போதவில்லையாம். கொண்டுவந்த ஆள் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, “இது என்ன சார், அம்மிக்கல்லா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

வெகுநாள் அது துணி போர்த்திப் பால்கனியில் கிடந்தது. கோபம் ஆறினால் தானே வருவார் என்று காந்தம் காத்திருந்தார். கோபப்பட வேண்டியவர் யார் என்பதில் அவருக்கு அப்போதும் குழப்பம் இருந்தது. கடைசியில், வெடிப்பைச் சரிசெய்து பழையபடி ஆக்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு, பெயிண்டைச் சுரண்ட உட்கார்ந்தார். வெடித்தது எதுவானாலும் பட்டி வைத்து அடைத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் செய்கிற கணக்கு அது.

ஒரே சீராக இருக்கட்டும் என்று தன் பக்கத்தையும் தேய்த்தார். பெயிண்ட் போனது, அதற்கு அடிப்பூச்சான பிரைமர் போனது, வெளுத்த மோர் நிறத்தில் தன்னுடைய பட்டி வந்தது. அதன் நடுவே, தீவு தீவாக, அடர்ந்த ரோஜா நிறம்.

அவருக்கு உடனே புரியவில்லை. தன் பக்கத்தில் அந்த நிறம் எப்படி வரும்? விரலால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு தீவும் அவர் தேய்த்ததில் விழுந்த ஒரு பள்ளம். அவர் கண்ணுக்குத் தப்பியதை, கல் கடையில் கிடந்த நாட்களில், மாப்பிள்ளை ஒவ்வொன்றாக நிரவியிருக்கிறார். கண்ணாடி கணக்கா என்று அவர் காட்டிய பக்கம் அது.

அதன்பிறகுதான் காந்தம் வலது பக்கத்துக்கு வந்தது. எத்தனையோ பேருடைய கார்களைச் சோதித்தவர் இதுவரை அதைத் தன் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. வைத்தார். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. கல்லுக்குள் இருந்த இரும்புச் சட்டத்தின் நடுவிலிருந்து அளவுகோல் வைத்துப் பார்த்ததும் மிச்சமும் விளங்கிவிட்டது. அவர்தான் பூசிப் பூசித் தன் பக்கத்தை வீங்க வைத்திருந்தார். கல் இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். மச்சானிடம் குறைக்கச் சொல்லாமல், மாப்பிள்ளை தன் பக்கத்தை உயர்த்திக்கொண்டிருக்கிறார். அந்தக் கனம்தான் வெடித்தது.

கைத் தூசியைக்கூடத் தட்டாமல் போன் செய்தார்.

“மாப்பிள்ளை, கல்லை உரிச்சேன்.”

“சொல்லுங்க மச்சான்.”

“எம் பக்கம் உங்க பட்டி இருக்கு.”

“இருக்கும்.”

“எம் பக்கம் வீங்கியிருந்தது உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“அளந்து பாத்தேன். நீங்க அவ்வளவு ஆசையா வழவழன்னு தேய்ச்சு வெச்சிருந்தீங்க. அதைப் போய்க் குறைங்கன்னு எப்படிச் சொல்றது? எம் பக்கத்தை ஏத்திட்டா ஆச்சுன்னு நெனச்சேன். வெடிக்கும்னு தெரியல.”

“அன்னைக்கு அப்பா முன்னாடியாவது சொல்லியிருக்கலாமே.”

அந்தப் பக்கம் யாரோ சார்ஜர் விலை கேட்டார்கள். மாப்பிள்ளை பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். “சொல்லியிருந்தா உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிருக்கும் மச்சான்.”

“தப்பு என்னுதுதான். நானே அவர்கிட்ட வந்து சொல்றேன்.”

“விடுங்க. அப்பாவுக்கு அந்தக் கல்லே ஞாபகம் இருக்காது.”

கல் ஞாபகம் இருக்காதுதான். அரைகுறை என்று தான் சொன்னதற்கு மதிப்பீட்டு அதிகாரியான மச்சானே சாட்சி சொன்னது ஞாபகம் இருக்கும். இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

“இந்த ஞாயிறு வாங்க மாப்பிள்ளை. ரெண்டு பேரும் சேர்ந்து முதல்லேர்ந்து வெப்போம்.”

“வரேன் மச்சான்.”

சொன்னபடியே தங்கையோடு வந்தார். காந்தம் பால்கனியைப் பெருக்கி, புது டப்பா பட்டி வாங்கி, உப்புத்தாளை அளவு வாரியாக அடுக்கி, மாப்பிள்ளைக்கு நிழல் பக்கம் நாற்காலி போட்டிருந்தார். தன் பக்கத்தை ஏற்கெனவே தேய்த்துக் குறைத்தும் வைத்திருந்தார். மாப்பிள்ளை கூடத்து சோபாவில் உட்கார்ந்தார். மச்சானின் உடம்பை விசாரித்தார், ஆபீசை விசாரித்தார், காபி நன்றாக இருக்கிறது என்றார். கிண்டல் ஒன்றுகூட வரவில்லை. வீட்டுக்கு முதல் தடவை வருகிற விருந்தாளியின் மரியாதை.

“வாங்க மாப்பிள்ளை, ஒரு தடவை பாத்துருங்க.”

“இல்ல மச்சான், பட்டித் தூசி எனக்கு ஒத்துக்க மாட்டேங்குது. அது கிட்டயே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க செய்யுங்க, உங்க கைக்கு நல்லாத்தான் வரும்.”

தங்கை சட்டென்று நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். பிறகு காபித் தம்ளரைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் மணிக்கட்டில், கடிகாரப் பட்டைக்கு அடியில், சாம்பல் நிறப் பிரைமர் தீற்றல் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. நேற்றோ முந்தாநாளோ அடித்தது. எங்கேயோ, யாருடனோ அல்லது தனியாகவோ, வேறொரு பெட்டி உருவாகிக்கொண்டிருக்கிறது.

எந்த டாக்டர், எப்போது, சீட்டு இருக்கிறதா என்று கேட்பவர்தான் காந்தம். அப்படிக் கேட்டு எத்தனையோ பேர் சொன்னதைப் பொய் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அந்த மணிக்கட்டை ஒரு கணம் பார்த்தார்.

“சரி மாப்பிள்ளை. உடம்புதான் முக்கியம்,” என்றார்.

எழுந்து போய், தூசி உள்ளே வராதபடி பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்தார்.