மை போட்டுப் பார்க்கவில்லை என் மகள்

நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேருவதற்கு முன், ஒரு மார்கழி மாதம், எங்கள் ஊர்ச் சிவன் கோயில் வாசலில் நடந்தது இது. என் மகள் சென்னையில் மனத்தத்துவம் எம்.ஏ. முடித்து, ஆராய்ச்சி செய்துகொண்டே கீழ் வகுப்புகளுக்குப் பாடமும் எடுத்துவந்தாள். நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். கேட்டதை மனிதர்கள் எப்படி ஞாபகம் வைக்கிறார்கள், எதை மறக்கிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி என்ற அளவுக்குத்தான் எனக்கு விளங்கியது.

விடுமுறைக்கு வந்தவள், தெருப் பெண்களை ஒவ்வொருவராக உள்ளறையில் உட்காரவைத்துச் சில வார்த்தைகளை வாசிப்பாள். கொஞ்சம் பொறுத்து, நினைவில் நின்றதைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். சத்தம் ஆகாதென்று கதவைச் சாத்திவிடுவாள். அதுதான் வினையாயிற்று. எங்கள் பக்கத்தில் பொருள் களவு போனால், எடுத்தவர் முகம் தெரியுமென்று வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பார்கள். இதுவும் அதுதான் என்று நினைத்து, கம்மலைத் தொலைத்த ஒரு அம்மாள் வெற்றிலையோடு வந்து நின்றாள்.

"எடுத்தவ யாருன்னு எனக்குத் தெரியும் மக்கா. நீ அவ பேரை மட்டும் சொல்லிரு!"

மகள் சிரித்து அனுப்பிவிட்டாள். ஆனால் மந்திரவாதம் என்று பேச்சு பரவி, வருகிறவர்கள் நின்றுபோனார்கள். ஆள் வராவிட்டால் அவள் ஆராய்ச்சியே நின்றுபோகும்.

என் மச்சினன் மகனுக்குத்தான் அவளைப் பேசி வைத்திருந்தோம். திருவெம்பாவை முடிந்து பிரசாதம் வாங்கும் கூட்டத்தில் மச்சினன் கத்தினார்: "அத்தான், மந்திரவாதியையா எம் மவனுக்குக் கெட்டி வைப்பேன்? படிப்பை நிப்பாட்டும். இல்லேன்னா சம்பந்தம் கிடையாது."

"போகட்டும் வே. படிப்பு நிக்காது" என்றேன். மகளைக் கூப்பிட்டேன். "மக்கா, வார்த்தை எழுதின தாளை எடுத்துட்டு வா. இங்க வச்சு என்கிட்ட கேளு."

"இந்தச் சத்தத்தில கேட்டா ஆராய்ச்சிக்குச் சேராதுப்பா."

"சேராட்டா போகுது. எல்லாரும் பாக்கட்டும்."

நெற்றி நிறையத் திருநீறோடு கோயில் வாசலிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தேன். குடம், வரப்பு, பனை என்று வாசித்துக்கொண்டே போனாள். திருப்பிக் கேட்டபோது எனக்குப் பாதிக்கு மேல் வரவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கம்மல் தொலைத்த அம்மாள் முன்னால் வந்தாள். "இதுதானா? எழும்பும் அண்ணாச்சி, நான் சொல்லுகேன்!"

அன்று முதல் மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. மச்சினன் மட்டும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை, சம்பந்தமும் போனது. மகள் ஆராய்ச்சியை முடித்து, ஒரு கல்லூரியில் பாடம் சொல்லப் போனாள்.

மனசைக் கொடுத்த ஈசுவரன் அதை ஆராய்ந்து பார்க்காதே என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று மறந்த வார்த்தைகள் இன்றுவரை எனக்கு நினைவுக்கு வந்ததில்லை. ஆனால் ஊருக்கு முன்னால் தலை குனியாமல் என் மகளுக்கு எதிரே உட்கார்ந்தது, அந்த வாசலைக் கடந்து சாமி கும்பிடப் போகும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.