வெந்நீர்ப் பையும் வசந்திக்குக் கிடைத்த கைதட்டலும்

போன ஓகஸ்டில் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. நுவரெலியா போய் வந்தேன். குளிரை ரசிக்கப் போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் வசந்தி எந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன். அங்கே ஒரு ஹோட்டல் பயிற்சிக் கல்லூரியில் அவள் விரிவுரையாளர். "வேலை எடத்து ஒழுக்கம்னு ஒரு பாடம் இருக்கு, வந்து பேசிட்டுப் போ" என்று கூப்பிட்டிருந்தாள். நானோ கொழும்பில் ஒன்பது வருடமாக ஒரே ஹோட்டல் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். வயிறு எரியாமல் இருக்குமா?

கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில். ஹட்டன் வரை தூங்கலாம், அதன் பிறகு தூங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். நானுஓயாவில் இறங்கும்போது 12.50. நகரம் எட்டு கிலோமீட்டர். பஸ்ஸுக்கு இருபது ரூபாய். பஸ் நகர்வதாகத் தெரியவில்லை, த்ரீவீலர்காரரிடம் போனேன். நானூறு கேட்டார். நான் பக்கத்துத் தலவாக்கலைக்காரன் என்றேன்.

"அப்ப முந்நூறு குடுங்க. கால்ல சப்பாத்தப் பாத்து கொழும்புன்னு நெனச்சிட்டேன்," என்றார்.

வசந்தியும் நானும் இந்த ஊரில் ஒரே ஹோட்டலில் பயிற்சி பெற்றவர்கள். இங்கே மாலையானால் விருந்தினர் படுக்கையில் ரப்பர் வெந்நீர்ப் பை வைப்பது வழக்கம். ஒருநாள் இருவரும் ஒரே மேசையில் பைகளை நிரப்பினோம். கை சுட்டதில் ஒரு மூடியை அரைகுறையாகத் திருகிவிட்டேன். பைகளை அறைகளுக்குக் கொண்டுபோனவள் அவள். ஒரு மெத்தை முழுக்க நனைந்தது. மறுநாளே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் கையை உதறியதை அவள் பார்த்தாள், தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தப் பெருந்தன்மை மீதும் எனக்குப் பொறாமை.

வகுப்பில் இருபது பேர். அவள் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். (என் மேசைக்கு எவனும் எழுந்து நின்றதில்லை.) உங்கள் பிழைக்கு இன்னொருவர் பழி ஏற்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

டயகமத் தோட்டத்துப் பையன் ஒருவன் மறைக்காமல் சொன்னான்: "வேல போனா திரும்ப தோட்டத்து லயத்து வீட்டுக்குத்தான் மிஸ். நான் பேச மாட்டேன்."

மஸ்கெலியாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கு பயமாத்தான் இருக்கும். மறுநாளாவது சொல்லணும்ங்க."

எனக்கு அந்த வயதில் இப்படி நினைத்ததைச் சொல்லும் தைரியம் இருந்ததில்லை.

பிறகு வசந்தி அந்த வெந்நீர்ப் பை கதையை எடுத்தாள். "மூடிய நான்தான் சரியா திருகல," என்றாள். "என் கவனக்குறைவு. அதனாலதான் இன்னைக்கும் எந்த மூடியயும் மூணு தடவ திருகிப் பாக்குறேன்."

அவளுக்குத் தெரியவே தெரியாது. அவள் யாரையும் காப்பாற்றவில்லை, தான் செய்ததாகவே நம்பியிருக்கிறாள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். என் பிழையை ஒப்புக்கொண்டதற்கு அவளுக்குக் கைதட்டல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்தேன். "அந்த மூடி நான் திருகினது, வசந்தி. கை சுட்டிருச்சு. அப்பவே எனக்குத் தெரியும்."

ஒருவரும் கைதட்டவில்லை. டயகமப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். வசந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் மூடியிருக்கேன்," என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்தாள். "நீ பேச வேண்டியத பேசிட்ட. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு."

நேர்மையால் நான் சொல்லவில்லை, பொறாமையால் சொன்னேன். அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்ட இத்தனை வருடத்துக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது.

போகிறவர்களுக்கு: ஓகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும், குடையும் வேண்டும். திரும்பும் ரயிலுக்கு முன்கூட்டியே இருக்கை பதிந்துகொள்ளுங்கள். அந்தக் கல்லூரியில் மாணவர்களே சமைத்துப் பரிமாறும் மதியச் சாப்பாடு வெளியாட்களுக்கும் உண்டு, முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். பரிமாறும் நேர்த்தியைப் பார்த்தால் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். என் பெயரை மட்டும் அங்கே சொல்லாதீர்கள்.